குரல் என்னும் உருவகமும் குரல்நாண் என்னும் உண்மையும்

தமிழ்த் திறனாய்விலே மிகுதியாக வழங்கும் சொற்களுள் ‘குரல்’ என்பதும் ஒன்று. ஒடுக்கப்பட்டோரின் குரல், பெண்ணின் குரல், எதிர்ப்புக் குரல், தலைமுறையின் குரல் என்றவாறு அது பல தொடர்களிற் பயின்று வருகின்றது. கவிஞனொருவன் தனக்கெனப் பாணியொன்றினை வகுத்துக்கொண்டால் அவன் தன் குரலைக் கண்டடைந்தான் என்பர். மக்கள் துயரைப் பாடுபவனைக் குரலற்றவர்களின் குரல் எனப் போற்றுவர். இத்தொடர்கள் யாவற்றுக்கும் அடியிலே எடுகோள் ஒன்று உண்டு. குரல் என்பது உள்ளத்தின் வெளிப்பாடு. உள்ளம் உறுதியாயின் குரலும் உறுதியாகும். குரல் இல்லாதவனுக்குச் சமூகத்தில் இடமும் இல்லை என்பதே அது. ஆனாற் குரல் முதலில் ஓர் உறுப்பின் தொழிற்பாடு என்பதும், அவ்வுறுப்பை இயக்கும் நரம்பு பழுதுபடின் உள்ளம் எத்துணை உறுதியாயிருப்பினும் குரல் உறுதியாக எழாது என்பதும் இவ்வெடுகோளில் இடம்பெறுவதில்லை. குரல்நாண் வாதத்தினாலும் அதனையொத்த குரற் குறைபாடுகளாலும் பாதிக்கப்பட்டோரின் வாழ்வை இலக்கியமும் வரலாறும் எவ்வாறு எடுத்துரைத்துள்ளன என நோக்கும்போது இவ்வெடுகோளின் வலிமையும் வறுமையும் ஒருங்கே புலனாகின்றன.

எழுத்துக்களின் பிறப்பைக் கூறவந்த தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி வெவ்வேறு ஒலியாகும் என்றார். பேச்சை உடலின் தொழிலாகக் கண்ட பார்வை இது. அவர் மிடறு எனக் குறிப்பிட்ட இடத்திலே இன்றைய உடலியலாளர் குரல்வளையையும் அதனுள் அமைந்த இரு குரல்நாண்களையும் காண்கின்றனர். மூச்சு விடும்போது இவை விலகி நிற்கும். பேசும்போது நெருங்கி வந்து, சுவாசப்பையிலிருந்து எழும் காற்றினால் அதிரும். விழுங்கும்போது இறுக மூடி, உணவும் நீரும் வாதனாளிக்குட் புகாது காக்கும். இவற்றை இயக்கும் முக்கிய நரம்பு மூளையிலிருந்து நேரே குரல்வளைக்கு வருவதில்லை. நெஞ்சுவரை இறங்கி, இடப்புறத்திலே பெருநாடியின் வளைவைச் சுற்றி, மீண்டும் கழுத்துக்கு ஏறுகின்றது. இந்நீண்ட வழியிலே தைரொயிட்டுச் சுரப்பியிலோ நெஞ்சிலோ செய்யப்படும் சத்திரசிகிச்சை, சுவாசப்பையில் வளரும் கட்டி, வைரசுத் தொற்று ஆகியவற்றுள் எதுவும் அதனைப் பழுதுபடுத்தலாம். காரணம் அறியப்படாத நிலைகளும் உள. கி. பி. இரண்டாம் நூற்றாண்டிலே உரோமாபுரியில் வைத்தியர் கேலன், கத்திக்கொண்டிருந்த பன்றியொன்றின் இந்நரம்பை மக்கள் முன்னிலையில் துண்டித்து அதன் ஓசையை அடக்கிக் காட்டினார். குரல் இதயத்திலிருந்து பிறக்கின்றது என்ற கொள்கைக்கு அன்றே விடையளிக்கப்பட்டது எனலாம்.

ஒரு பக்கக் குரல்நாண் மாத்திரம் செயலிழந்தவர் ஊமையாவதில்லை என்பது இங்கு சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. நாண்கள் இரண்டும் பொருந்தாமையாற் காற்று வீணாகக் கசிகின்றது. குரல் மெலிந்து கரகரக்கும். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு முடிந்துவிடும். தண்ணீர் அருந்தும்போது புரையேறும், இருமல் வலுவற்றிருக்கும். இரு நாண்களும் நடுவிலே செயலற்று நின்றாலோ, குரல் ஓரளவு நன்றாயிருக்க மூச்சு முட்டும். வழியை அகலப்படுத்தச் செய்யும் சிகிச்சை குரலைக் குறைக்கும். பேச்சையும் மூச்சையும் தராசில் இட்டு நிறுக்கவேண்டிய நிலை அது. இயல்பான பேச்சுக்கும் முழு மௌனத்துக்கும் இடைப்பட்ட இந்நிலையே குரல்நாண் வாதத்தோடு வாழ்தலின் மெய்யான களமாகும். இலக்கியம் பெரும்பாலும் கடந்து சென்றதும் இவ்விடைநிலையையே.

கடந்து செல்லும் வழிகளுள் ஒன்று, குரலிழப்பை முழு மௌனமாக்கி அதனை ஒரு விலையாக அல்லது தண்டனையாகக் காட்டுவது. டென்மார்க்கு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்தியன் அன்டர்சன் 1837 இல் வெளியிட்ட கடற்கன்னிக் கதையிலே, மனித உருப் பெறுவதற்காக நாயகி தன் குரலைச் சூனியக்காரியிடம் விற்கின்றாள். நாக்கு அறுக்கப்படுகின்றது. அதன்பின் அவளுக்கு எஞ்சுவன விழிகளும் நடையுமே. காதலின் பெருமையை உணர்த்த அம்மௌனம் பயன்படுகின்றது. ஆனாற் குரலின்றி ஒருத்தி நாள்தோறும் எவ்வாறு வாழ்கின்றாள் என்ற வினா அங்கு எழவில்லை. அவ்வினா எழுமாயின் கதையின் அழகு குலைந்துவிடும் என்பதே காரணம் போலும்.

இரண்டாவது வழி, குரலிழப்பை ஒரு கணத்தில் நிகழ்ந்த பேரழிவாகச் சித்திரிப்பது. இதற்குத் தக்க எடுத்துக்காட்டு இலக்கிய நூலொன்றன்று. சத்திரசிகிச்சையாளரிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் ஒரு கதை. இத்தாலியிலே 1882 இற் பிறந்த அமெலிற்றா கல்லி-குர்ச்சி, 1916 இற் சிக்காகோவிலே ‘றிகொலெற்றோ’ இசைநாடகத்திற் பாடிப் பெரும்புகழ் பெற்றார். தைரொயிட்டுக் கழலை வளர்ந்தமையால் 1935 இல் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. மறு ஆண்டு சிக்காகோ மேடையில் மீண்டும் தோன்றியபோது பழைய குரல் இருக்கவில்லை. சத்திரசிகிச்சையின்போது, குரலின் சுருதியை உயர்த்த உதவும் மேற்குரல்வளை நரம்பின் ஒரு கிளை பழுதுபட்டதே காரணம் எனக் கொள்ளப்பட்டது. அந்நரம்புக் கிளைக்குக் கல்லி-குர்ச்சியின் நரம்பு என்ற பெயரும் வழங்கலாயிற்று. 

இக்கதை நன்மை செய்ததென்பதில் ஐயமில்லை. அக்கிளையைப் பேணவேண்டும் என்பதை மாணவ வைத்தியர் மறவாதிருக்க அது துணைநின்றது. ஆயின் 2001 இற் சத்திரசிகிச்சை ஆய்விதழொன்றில் வெளிவந்த கட்டுரை இதனை மீளாய்வு செய்து, அவரது குரலின் தளர்ச்சி சத்திரசிகிச்சைக்கு முன்னரே தொடங்கியிருந்தது எனச் சுட்டி, நரம்பு பழுதுபட்டது என்ற முடிவையே ஐயத்துக்குள்ளாக்கியது. 1930 இலேயே அவர் இசைநாடக மேடையிலிருந்து விலகியிருந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஐம்பதை நெருங்கும் ஒரு பாடகியின் குரல், நோயினாலும் வயதினாலும் ஆண்டுக்கணக்கிற் சிறிது சிறிதாகத் தேய்வது கதையாவதில்லை. கத்தியின் ஒரு வெட்டே கதையாகின்றது. சிக்காகோ மேடையில் அவரது குரலை முடித்துவைக்கும் இக்கதை, 1963 இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்த ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகளைப் பற்றி ஏதும் கூறாமையில் வியப்பில்லை.

மேற்கூறிய இரு வழிகளிலிருந்தும் விலகி நிற்கும் படைப்பு, பிரான்ஸ் கஃப்காவின் இறுதிச் சிறுகதையான ‘பாடகி யோசபீன் அல்லது எலிக்குலம்’ என்பதாகும். 1917 முதற் கசநோயால் வருந்திய கஃப்கா இதனை 1924 மார்ச்சு மாதத்தில் எழுதினார். அக்காலத்தில் நோய் அவரது குரல்வளையைப் பற்றத் தொடங்கியிருந்தது. ஏப்பிரலிலே வியன்னா வைத்தியர்கள் குரல்வளைக் கசநோயை உறுதிசெய்தனர். பின்னர் கீர்லிங் என்னும் ஊரின் சிகிச்சை நிலையத்தில் அவர் பேசாதிருக்குமாறு பணிக்கப்பட்டார். டோரா டியமான்டோடும் நண்பர் றொபேட் குளொப்ஸ்ரொக்கோடும் சிறு தாள்களில் எழுதியே உரையாடினார். ஜூன் 3 ஆந் திகதி இறந்தார். குரல்நாண் வாதம் அவருக்கிருந்த நோயன்று. எனினும் குரல் மெலிந்து மறையும் அனுபவத்தை உள்ளிருந்து அறிந்தவர் எழுதிய கதையென்பதால் அது இவ்வாய்வில் முதன்மை பெறுகின்றது.

யோசபீன் எலிக்குலத்தின் பாடகி. கதையைக் கூறுபவரும் அக்குலத்தைச் சேர்ந்தவரே. அவள் பாடுவது உண்மையிற் பாட்டுத்தானா, அன்றி எல்லா எலிகளும் எழுப்பும் சாதாரணக் கீச்சொலிதானா என்ற ஐயத்தை அவர் தொடக்கத்திலேயே எழுப்புகின்றார். ஒருவேளை அவளது ஒலி மற்றவற்றின் ஒலியிலும் மெலிந்ததாகவே இருக்கலாம். அவ்வாறாயின் அம்மெல்லொலிக்காக ஒரு குலமே வேலையை விட்டுக் கூடி, மூச்சையும் அடக்கி நிற்பதேன்? கதையின் மையப் புதிர் இதுவே. விடை குரலின் சிறப்பிலே தேடப்படவில்லை. அவளைச் சூழ்ந்து எழும் அமைதியிலே தேடப்படுகின்றது. குரலைப் பாடுபவரின் உடைமையாக மட்டும் கொள்ளாது, பாடுபவர்க்கும் கேட்பவர்க்கும் இடையே நிகழும் ஓர் உறவாகக் காட்டியமை கஃப்காவின் தனிச்சிறப்பு எனலாம்.

எனினும் அவ்வுறவை அவர் இனிமையாக்கிக் காட்டவில்லை. யோசபீன் தன் குலத்திடம் ஒரு கோரிக்கையை முன்வைக்கின்றாள். அன்றாட வேலையின் உழைப்புக் குரலைக் கெடுக்கின்றது. பாடியபின் வேண்டிய ஓய்வு கிடைப்பதில்லை. ஆகவே தன்னை வேலையிலிருந்து விடுவிக்கவேண்டும் என்கின்றாள். குலத்தார் பொறுமையோடு கேட்டு, மறுத்துவிடுகின்றனர். அவளது பாட்டை மூச்சடக்கிக் கேட்டவர்களே அவளது தொண்டையின் களைப்பை ஏற்க மறுக்கின்றனர். அவள் காலில் நோவென்று நொண்டுகின்றாள், களைப்பென்கின்றாள், பாட்டைக் குறுக்குகின்றாள். யாவும் நடிப்பெனவே கொள்ளப்படுகின்றன. கண்ணுக்குப் புலனாகாத குறையொன்றைத் தாங்குவோர் எதிர்கொள்ளும் ஐயம் இதனினும் கூர்மையாக வேறெங்கும் எழுதப்பட்டிருக்குமா என்பது வினாவே. இக்கதையைக் கலைஞனுக்கும் சமூகத்துக்கும் இடையிலான முரண்பாடாகவும், யூத இனத்தின் நிலை பற்றிய உருவகமாகவும் விளக்கியோர் பலர். அவ்விளக்கங்கள் தவறல்ல. ஆனாற் கதையிலே வாதத்துக்குரிய பொருளாக நிற்பது முதலில் ஒரு தொண்டையும் அதற்கு வேண்டிய ஓய்வுமே என்பதை அவை எளிதில் மறந்துவிடுகின்றன. குரலை உருவகமாக மட்டும் வாசிக்கும் பழக்கத்தின் விளைவு இது.

தன்வரலாறுகளும் இப்பழக்கத்திலிருந்து தப்பவில்லை. வாஷிங்ரன் நகர வானொலியிலே 1979 முதல் உரையாடல் நிகழ்ச்சி நடத்திவந்த டயான் றீம், குரல் நடுங்கித் தடைப்படுவதைப் பல ஆண்டுகள் காரணமறியாது சகித்தார். 1998 இலேயே அது குரல்வளைத் தசைகளின் இசிவினால் உண்டாகும் நரம்பியற் கோளாறு எனக் கண்டறியப்பட்டது. சில மாதங்கள் ஒலிபரப்பிலிருந்து விலகியிருந்து சிகிச்சை பெற்று மீண்டார். 1999 இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றின் தலைப்பு ‘என் குரலைக் கண்டடைதல்’ எனப் பொருள்படும். இக்கோளாறு குரல்நாண் வாதத்துக்கு ஏறத்தாழ எதிரானது. அங்கு நாண்கள் அசைவதில்லை, இங்கு அளவின்றி இறுகுகின்றன. இதற்குரிய சிகிச்சையோ, பொற்றுலினம் நஞ்சினைச் சிறிதளவு ஊசிமூலம் செலுத்தித் தசையை ஓரளவு செயலிழக்கச் செய்வதாகும். 1984 இற் கையாளத் தொடங்கிய முறை இது. ஒருவருக்கு நோயாகும் வாதம் மற்றொருவருக்கு மருந்தாகின்றது. மருந்தின் பயன் சில மாதங்களே நிலைக்கும். மீண்டும் மீண்டும் ஊசி ஏற்றவேண்டும். ஊசி ஏற்றிய முதல் நாட்களிற் குரல் காற்றோடு கலந்து மெலிவதும் உண்டு.

றீமின் நூலுக்கு இரு நோக்கங்கள் உள. கண்டிப்பான குடும்பத்தில் வளர்ந்த பெண், கல்லூரிப் பட்டமின்றித் தன்னம்பிக்கைக் குறைவோடு போராடித் தனக்கெனப் பொது வாழ்வில் இடம் பெற்ற வரலாற்றைக் கூறுவது ஒன்று. உறுப்பின் குறைபாட்டோடு தொழில் செய்த அனுபவத்தைக் கூறுவது மற்றையது. தலைப்பு இவ்விரண்டையும் ஒரே சொல்லிற் பிணைக்கின்றது. பிணைப்பு அழகானது, ஆபத்தானதும்கூட. ஏனெனில் இந்நோய் நீண்டகாலமாக மனக்கோளாறு என்றே கருதப்பட்டது. அடக்கிய உணர்ச்சியே தொண்டையை நெரிக்கின்றது எனக் கூறி நோயாளரைத் தம்மீதே பழிபோடச் செய்தனர். குரலைக் கண்டடைந்தேன் என்ற உருவகம், உள்ளத்தின் வெற்றியே உறுப்பின் குணம் என்ற அப்பழைய கருத்துக்கு அறியாமலே இடமளிக்கின்றது. மேலும், கண்டடைதல் ஒருமுறை நிகழ்வது. ஊசியோ முடிவின்றித் தொடர்வது. நூல் முடியலாம், நோய் முடிவதில்லை. இம்முரண்பாட்டை நூலினும் றீமின் பிற்கால வாழ்வே நன்கு தீர்த்தது எனக் கூறலாம். 2016 இன் இறுதிவரை அவர் அதே நடுங்கும் குரலில் ஒலிபரப்பி வந்தார். பல்லாயிரம் நேயர்கள் அதனைக் கேட்கப் பழகினர். குணமடையாத குரலொன்றுக்குச் செவிகள் பழகியதே அங்கு நிகழ்ந்த மாற்றமாகும்.

குரல்நாண் வாதம் பற்றிப் பொது வாழ்வினர் ஒருவர் வெளியிட்ட குறிப்புக்களுள், கூகிள் நிறுவனத் தலைவராயிருந்த லறி பேஜ் 2013 இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. கடுந் தடிமனொன்றின்பின் இடது நாண் செயலிழந்ததும், பல ஆண்டுகளின்பின் மற்றையதும் பாதிக்கப்பட்டதும், காரணம் தெளிவாகாமையும் அதிற் கூறப்பட்டுள்ளன. சொற்களை அளந்து பேசுவதாற் சிறந்த தலைவனாகியிருக்கலாம் எனத் தம் சகா கருதுவதாகவும் அவர் எழுதினார். குறையொன்றைக் கூறியவுடன் அதற்கு ஈடான நிறையொன்றையும் காட்டியாகவேண்டும் என்ற நெருக்குதல், செல்வமும் அதிகாரமும் படைத்தவரையும் விட்டுவைக்கவில்லை என்பதை அவ்வரி உணர்த்துகின்றது.

இவ்விடத்தில் ஒரு குறைபாட்டைச் சுட்டாது விடமுடியாது. கல்லி-குர்ச்சி, கஃப்கா, றீம், பேஜ் ஆகிய யாவரும் குரலிழந்தமையாலன்றி வேறு காரணங்களாற் புகழ்பெற்றவர்கள். குரலையே கருவியாகக் கொண்டு அன்றாடம் உழைப்போரின் வாழ்வு இவ்வெழுத்துக்களில் இல்லை. ஆசிரியரிடையே குரற் கோளாறுகள் ஏனையோரிலும் மிகுதி எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. தைரொயிட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பின் மெலிந்த குரலோடு நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்குத் திரும்பும் ஆசிரியை ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நரம்பு தானாக மீளக்கூடும் என வைத்தியர் பல மாதங்கள், சிலவேளை ஓராண்டு வரையும், காத்திருக்கச் சொல்வர். அதன்பின்னரும் மீளாவிடின் நாணை நடுவுக்கு நகர்த்தும் சிகிச்சை உண்டு. யப்பானிய வைத்தியர் இஷிக்கி 1974 இல் விளக்கிய முறை அதற்கு வழிவகுத்தது. அக்காத்திருப்புக் காலத்தில் அவருக்கு வேண்டியவை ஓர் ஒலிவாங்கியும், பாடவேளைக் குறைப்பும், அமைதியான வகுப்பறையுமே. அவர் கேட்பது யோசபீன் கேட்டதுதான்: தொண்டைக்கு ஓய்வு. அவருக்குக் கிடைக்கும் விடை எலிக்குலத்தின் விடையினின்றும் வேறுபட்டிருக்குமா? கலைப்பீடத்திலிருந்து வெளியேறுவோருட் பலர் ஆசிரியத் தொழிலையே மேற்கொள்வதால் இவ்வினா தொலைவிலுள்ளதன்று.

குரலற்றவர்களின் குரல் என்ற தொடருக்கு இப்போது திரும்பலாம். அத்தொடரை ஆளும் திறனாய்வின் நோக்கம் நேர்மையானதே. ஆனால் அது உலகைக் குரலுள்ளோர், குரலற்றோர் என இரண்டாக்குகின்றது. முன்னவர் பின்னவருக்காகப் பேசுவர், பின்னவர் பேசப்படுவர். மெலிந்த, உடைந்த, இடையிடையே அறும் குரல் உடையோருக்கு அங்கு இடமில்லை. ஆங்கிலேயப் பாடகி லின்டா தொம்சன் இதற்கு மாற்று வழியொன்றைக் காட்டினார். றீமுக்கு ஏற்பட்ட அதே கோளாற்றினாற் பாடமுடியாதுபோன அவர், 2024 இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் தாம் ஆக்கிய பாடல்களைப் பிறரைக்கொண்டு பாடுவித்தார். பிறர் அவருக்காகப் பேசவில்லை. அவரது சொற்களுக்குத் தம் தொண்டையைத் தந்தனர். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் அடிப்படையானது.

ஆகவே திறனாய்வு ‘குரல்’ என்ற சொல்லைக் கைவிடவேண்டும் என்பதன்று இங்கு பெறப்படும் முடிவு. உருவகம் தான் பிறந்த உறுப்பை மறவாதிருக்கவேண்டும் என்பதே. எழுத்தாளன் எத்துணை உரத்துப் பேசினான் என்பதோடு, மெல்லப் பேசுவோரைக் கேட்கச் சமூகம் எத்துணை அமைதி காத்தது என்பதையும் அது வினாவுதல் வேண்டும். கீர்லிங்கிலே கஃப்கா எழுதிய சிறு தாள்கள், மாக்ஸ் பிரொட் 1958 இல் வெளியிட்ட கடிதத் தொகுதியில் இடம்பெற்றன. அவற்றிற் பல பூக்களைப் பற்றியும், நீரைப் பற்றியும், பருக முடியாத பானங்களைப் பற்றியுமே பேசுகின்றன. கேள்விகளை மற்றவர்கள் வாயாற் கேட்டமையால், தாள்களில் எஞ்சியிருப்பவை அவரது பாதி மாத்திரமே. மறுபாதியைக் கட்டிலருகே காத்திருந்த இருவரே அறிந்திருந்தனர்.